வெள்ளி வழி மாறியதா? பழையவர்களின் கணக்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வெள்ளிக் கிரகத்தின் 'மறைக்கப்பட்ட வரலாறு' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பான எழுத்து, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளி சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் வியாழனிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது, வால்நட்சத்திரம் போல அலைந்து பூமியை உரசிப் போனது, அந்தப் பீதியைத்தான் உலகத்துப் புராணங்கள் எல்லாம் கதையாகச் சொல்கின்றன என்று 1950-இல் இம்மானுவேல் வெலிகோவ்ஸ்கி என்ற மருத்துவர் எழுதினார். உங்கள் கட்டுரையாளர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, போதாக்குறைக்கு நம் சங்கப் புலவர்களையும் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. வானியல் படித்துப் பட்டம் வாங்கியவள் அல்ல. ஆனால் கிரகக் கணக்குகளைத் தாளும் பேனாவும் வைத்துப் போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முன்னோர்கள் கண்டதைத்தான் எழுதினார்கள், அவர்களை நம்புங்கள் என்கிறார் கட்டுரையாளர். சரி, நம்புவோம். ஆனால் அவர்கள் கதையும் எழுதினார்கள், கணக்கும் எழுதினார்கள். கதையை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை மூட்டை கட்டி வைத்தால் அது என்ன மரியாதை?

பாபிலோனில் அம்மிசதுக்கா என்ற அரசன் இருந்தான், ஹம்முராபியின் வழிவந்தவன். அவன் ஆட்சியின்போது வெள்ளி எப்போது மறைந்தது, எப்போது மறுபடி தெரிந்தது என்று 21 ஆண்டுகளுக்கு வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகளில், கிமு 7ஆம் நூற்றாண்டில் எடுத்த நகல்களாக, அது இன்றைக்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் பதிவின் சாரம் இது: பதினோராம் மாதம் 15ஆம் நாள் வெள்ளி மேற்கே மறைந்தது, மூன்று நாள் வானத்தில் இல்லை, 18ஆம் நாள் கிழக்கே தோன்றியது, ஊற்றுகள் திறக்கும், மழை வரும், அரசர்கள் சமாதானத் தூது அனுப்புவார்கள். கடைசிப் பகுதி ஜோசியம், அதை விடுங்கள். முன்பகுதி நாட்குறிப்பு. மாலை வெள்ளி சூரியனை நோக்கி இறங்கி, அதன் ஒளியில் தொலைந்து, சில நாளில் விடிவெள்ளியாக மறுபக்கம் எட்டிப் பார்ப்பதை அப்படியே எழுதியிருக்கிறான் அந்த எழுத்தன். இன்றும் அது அப்படித்தான் நடக்கிறது. சில தடவை மூன்று நாள், சில தடவை இரண்டு வாரத்துக்கு மேல் என்று மறையும் காலம் பருவத்தைப் பொறுத்து மாறும்.

நகலெடுத்தவர்கள் அங்கங்கே மாதத்தையும் நாளையும் பிசகி எழுதியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் மொத்தத்தில் பார்த்தால் 8 ஆண்டு ஒழுங்கு தெளிவாகத் தெரிகிறது. பூமியிலிருந்து பார்க்கையில் வெள்ளி சூரியனைப் பொறுத்து பழைய நிலைக்கே திரும்பி ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 584 நாள்; அப்படி ஐந்து சுற்றுகள் சேர்ந்தால் 8 ஆண்டுக்கு இரண்டு நாள் சொச்சம் குறையும். இது இன்றைக்கும் எப்படி வேலை செய்கிறது என்று வாசகர்களே சரிபார்க்கலாம். 2017-இல் வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே வந்தது மார்ச் 25. எட்டு ஆண்டு கழித்து, 2025-இல், மார்ச் 23. அந்தப் பாபிலோன் பதிவு சரியாக எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் முன்பின்னாக இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் அவர்களில் யார் கணக்கை எடுத்தாலும் அது கிமு 1500-க்கு முந்தியது. அதாவது, கட்டுரையாளர் சொல்லும் அந்த மகா பிரளயத்துக்கு முன்பே வெள்ளி இப்போது ஓடும் பாதையில், இப்போது ஓடும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நம் பக்கத்துச் சாட்சியையும் கேளுங்கள். 499-இல் எழுதிய ஆரியபடர் 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் வெள்ளிக்கு 70,22,388 சுற்றுகள் என்கிறார். அந்த யுகத்துக்கு மொத்த நாள் 157,79,17,500. இதை நான் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்காகவே கொடுப்பேன். பெரிய எண்ணைப் பார்த்து முதலில் முனகுவார்கள். விடை 224.698 நாள் என்று வந்ததும் பாடநூலைப் புரட்டச் சொல்வேன், அங்கே வெள்ளி சூரியனை ஒருமுறை சுற்றிவரும் காலம் 224.701 நாள் என்று இருக்கும். வகுப்பில் ஒரு நிமிடம் சத்தம் இருக்காது. கையில் தொலைநோக்கி இல்லாத மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த எண் அது. வானத்தைக் கண்டு அலறிப் புடைத்துக்கொண்டு ஓடியவர்களுக்கு இது கைவராது.

கதைகளிலும் கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வேறு விதமாக. மெக்சிகோவின் பழங்கதையில் கெட்சால்கோட்ல் என்ற தலைவன் தன்னைத்தானே எரித்துக்கொள்கிறான். நான்கு நாள் எங்கும் காணவில்லை, இன்னும் நான்கு நாள் பாதாளத்தில் இருக்கிறான், எட்டாம் நாள் விடிவெள்ளியாக எழுகிறான். மத்திய அமெரிக்காவின் மாயர்கள் எழுதிய டிரெஸ்டன் சுவடியில் உள்ள வெள்ளி அட்டவணையைப் பாருங்கள்: மாலையில் மறைந்து காலையில் தோன்றும் இடைவெளிக்கு அவர்கள் போட்டிருக்கும் எண் 8 நாள், முழுச் சுற்றுக்கு 584. கதை அட்டவணையோடு கைகோத்து நிற்கிறது. புராணம் எதையாவது பதிவு செய்திருக்கிறது என்றால் வெள்ளியின் வழக்கத்தைத்தான், விபத்தை அல்ல.

இப்போது சங்கப் பாடல். 'தென்திசை மருங்கின் வெள்ளி ஓடினும்' என்ற கபிலரின் அடியை (புறநானூறு 117) எடுத்துக்காட்டி, வெள்ளி தடம் புரண்டதற்கு இது நேரடிச் சான்று என்கிறார் கட்டுரையாளர். பட்டினப்பாலையும் அப்படித்தான் தொடங்குகிறது, புறநானூறு 35-ஆம் பாட்டிலும் வெள்ளி தெற்கே போகிறது. இத்தனை புலவர்கள் போகிற போக்கில் சொல்லும் ஒன்று எப்படி யுகத்துக்கு ஒருமுறை வரும் பேரழிவாக இருக்கும்? சூரியன் வடக்கும் தெற்குமாக நகர்வதைப் போலவே வெள்ளியும் அடிவானத்தில் நகரும், சில காலங்களில் சூரியனைவிடச் சற்று அதிகமாகவே. தெற்கே போனால் மழை குறையும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அப்படிப்பட்ட கெட்ட அறிகுறிகள் எல்லாம் தென்பட்டாலும், சனி புகைந்தாலும் வால்மீன் தோன்றினாலும் கூட, பாரியின் நாட்டில் மழை தப்பியதில்லை என்பதுதான் கபிலரின் பேச்சு. கட்டுரையாளர் பாட்டின் தலையை மட்டும் வெட்டி எடுத்து வந்திருக்கிறார்.

இன்னொன்று. வியாழனுக்குரிய கிரேக்கக் கடவுளான ஜியஸின் தலையிலிருந்து அதீனா என்ற தேவி பிறந்த கதைதான் வியாழன் வெள்ளியைப் பெற்றதற்கு ஆதாரம் என்பது வெலிகோவ்ஸ்கியின் வாதம். கிரேக்கர்கள் வெள்ளிக் கிரகத்தைக் கொடுத்தது அதீனாவுக்கு அல்ல, கடல் நுரையில் பிறந்த அஃப்ரோதிதேவுக்கு. மெசொபொத்தேமியாவில் வெள்ளி, சந்திரக் கடவுளின் மகள். நம் புராணத்தில் சுக்கிரன் பிருகுவின் பிள்ளை, அதுவும் ஆண். வியாழனுக்கும் அவருக்கும் உறவே கிடையாது, ஒருவர் தேவர்களுக்குக் குரு, மற்றவர் அசுரர்களுக்குக் குரு, ஜென்மப் பகையாளிகள். ஊர் ஊராகத் தகப்பன் மாறுகிறான். எல்லாரும் ஒரே காட்சியைக் கண்ணால் பார்த்திருந்தால் யார் வயிற்றில் பிறந்தது என்பதிலாவது ஒற்றுமை இருந்திருக்குமே!

செவ்வாய் கிமு 8, 7ஆம் நூற்றாண்டுகளில் பூமியை நெருங்கி வந்து ஆண்டின் நீளத்தையே மாற்றியது என்ற பகுதிக்கு ஒரே ஒரு கிரகணம் போதும். அசீரியர்களின் ஆண்டுப் பட்டியலில் ஒரு சூரிய கிரகணம் பதிவாகியிருக்கிறது. இன்றைய பாதைகளை வைத்துப் பின்னோக்கிக் கணித்தால் அது கிமு 763 ஜூன் 15 அன்று வந்து பொருந்துகிறது. பூமியின் ஓட்டம் நடுவில் யாராலோ தட்டிவிடப்பட்டிருந்தால் இது பொருந்தவே பொருந்தாது.

இயற்பியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியாழனின் பிடியிலிருந்து தப்ப நொடிக்கு சுமார் 60 கிலோமீட்டர் வேகம் வேண்டும், பூமியின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு உள்ள ஒரு கோளுக்கு அதை யார் கொடுத்தது? அப்படி எறியப்பட்ட பொருள் நீண்ட நீள்வட்டத்தில் சுற்ற வேண்டும். ஆனால் கோள்களிலேயே வட்டத்துக்கு மிக நெருக்கமான பாதை வெள்ளியுடையது. அப்புறம், 1990-களில் மகெல்லன் விண்கலம் ரேடார் மூலம் வெள்ளியின் தரையைப் படம் எடுத்ததில் 900-க்கும் மேற்பட்ட மோதல் பள்ளங்கள் தெரிந்தன. அத்தனை விழுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

வெலிகோவ்ஸ்கிக்கு நியாயமாகச் சேர வேண்டியதைச் சேர்க்கத்தான் வேண்டும். அவர் நூலை வெளியிட்ட மாக்மில்லன் நிறுவனத்தை வானியலாளர்கள் சிலர் மிரட்டினார்கள், நூல் நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அது வேறு பதிப்பகத்துக்குக் கைமாறியது. அது அசிங்கமான செயல். ஒரு நூல் தவறு என்றால் தவறு என்று எழுதுவதுதான் முறை. 'மறைத்தார்கள்' என்ற பேச்சு இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு அந்த மிரட்டலும் ஒரு காரணம். வெள்ளி சூடாக இருக்கும் என்று அவர் சொன்னதும் உண்மை, 460 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ரூபர்ட் வில்ட் என்ற வானியலாளர் 1940-லேயே, அங்குள்ள கரியமில வாயுவைக் காரணம் காட்டி, அது சூடான கோளாகத்தான் இருக்கும் என்று எழுதிவிட்டார். வெலிகோவ்ஸ்கி சொன்ன காரணம் புதிதாய்ப் பிறந்த சூடு. அதன் மேகங்களில் ஹைட்ரோகார்பன் இருக்கும் என்றார், இருந்ததோ கந்தக அமிலம். விடை மட்டும் ஒத்துப்போய் வழிமுறை தப்பாக இருந்தால் நான் முழு மதிப்பெண் போட்டதில்லை.

விஞ்ஞானிகள் பேரழிவு என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறார்கள் என்பதும் சரியல்ல. வானத்திலிருந்து கல் விழும் என்று கிளாட்னி என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1794-இல் எழுதியபோது பலர் சிரித்தார்கள். 1803-இல் பிரான்சின் லெய்கில் ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்தன, பியோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார், சிரிப்பு அடங்கியது. இளம் பூமியில் இன்னொரு கோள் மோதிச் சிதறிய துண்டுகளிலிருந்து நிலா பிறந்தது என்பது இன்று பாடநூலில் இருக்கிறது. வியாழனும் சனியும் தொடக்க காலத்தில் இடம் பெயர்ந்தன என்று 2005-இல் வந்த 'நீஸ் மாதிரி' என்ற கணினிக் கணக்கீடு சொல்கிறது. இதெல்லாம் வெலிகோவ்ஸ்கியின் கதைக்குச் சளைத்தவை அல்ல. வித்தியாசம், இவை நடந்தது நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளுக்கு முன், பார்த்துப் பாட்டெழுத யாரும் இல்லாத காலத்தில்.

கட்டுரையின் கடைசியில், ஆதிகாலத்தில் சனி பூமியின் வட துருவத்துக்கு மேலே அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது என்ற இன்னொரு கொள்கையையும் ஒரு பத்தியில் தொட்டிருக்கிறார். அதற்கு மெனக்கெட்டுப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. நம் கதைகளில் சனி நொண்டி நொண்டியாவது நடக்கிறார், ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை ஆண்டு ஆனாலும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வாராவாரம் இணைப்பில் ராசிபலனுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதன் மூலையில் நாலு வரி இடம் கொடுத்து, அந்த வாரம் எந்தக் கோள் எந்தத் திசையில் எத்தனை மணிக்குத் தெரியும் என்று போடுங்கள். வெள்ளி அடுத்து சூரியனுக்கும் நமக்கும் இடையே வரும் நாள் 2026 அக்டோபர் 24. அதற்கு முன்பும் பின்பும் சில வாரங்களுக்கு வாசகர்களே பார்த்துக் குறித்துக் கொள்ளட்டும். கணக்குப் போட்டுத் தர ஆள் வேண்டுமென்றால் நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை