முறுக்கு டின்

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

அன்பு மகள் தேவிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை விடவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. தைலம் தீர்ந்துவிட்டது, அவசரமில்லை.

முறுக்கு டின் இரண்டும் அலமாரி மேல் காலியாக இருக்கின்றன. தீபாவளி வந்தால் டிபார்ட்மெண்டுக்கு என்று நீதான் கேட்டு வாங்கிப் போவாய். இந்த வருஷம் "வேண்டாம்ப்பா" என்றாய். எண்ணெய் விற்கிற விலைக்கு நல்லதுதான் என்றாள் அம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் வேளைக்குச் சாப்பிடு. தனியாக உட்கார்ந்து சாப்பிடாதே.

வேலையில் மனநிறைவு எவ்வளவு என்று அளக்கிற அந்தக் கேள்வித்தாளை விரிவுரையாளர்களிடம் கொடுக்குமுன் என்னிடம்தானே வாசித்துக் காட்டினாய்? கார்னெல் பல்கலைக்கழகத்தார் செய்தது, 1969-இல் புத்தகமாக வந்தது என்றாய். சம்பளத்துக்கு 9 கேள்வி, கூட வேலை செய்கிறவர்களுக்கு 18. சோம்பேறிகளா, வாய் அதிகமா... படித்தவர்களிடமும் இதைத்தான் கேட்பார்களா என்று சிரித்தேன். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை டாக்டர் பட்டம் வாங்குகிறது என்று காப்பிக் கடையில் சொல்லாத நாளில்லை.

ஆமாம், இல்லை, கேள்விக்குறி. மூன்றே பதில். நல்ல பதிலுக்கு 3 மார்க், கெட்டதற்கு 0. கேள்விக்குறிக்கு ஒன்றரை இருக்கும் என்று நினைத்தேன். 1தான் என்றாய். சொல்லத் தயங்குகிறவர் மனக்குறை பக்கம் சாய்ந்தவராம்.

இப்போது போனில் "ஆபீஸில் எல்லோரும் எப்படிம்மா" என்றால் "இருக்காங்கப்பா" என்கிறாய். இதற்கு எத்தனை மார்க்? அப்பனிடம் இப்படிப் பேசவா அவ்வளவு படித்தாய்?

அன்று 'விசுவாசமானவர்களா' என்ற கேள்வி வந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். நினைவிருக்கிறதா? 1987-இல் கிள்ளான் மாமா வெட்டிய ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பிடித்தார்கள். மழைத் தண்ணீர், தேவி. பக்கத்து மர நிரையில் நின்று நானே பார்த்தேன். மறுநாள் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், வேலை வாங்குகிற மண்டோர் கேட்டபோது "தெரியாதுங்க" என்றேன். எனக்கு அப்போது கடன். கூலியைப் பிடித்தார்கள். மாசம் முடியுமுன் குடும்பத்தோடு கிள்ளானுக்குப் போய்விட்டார். அப்புறமும் தீபாவளிக்கு வந்து உனக்கு அங்பாவ் பணம் கொடுத்தாரே, அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

உன் பக்கத்து நிரையில் என்னைப் போல் ஒருவன் நிற்கிறானோ என்றுதான்.

சரி. சனிக்கிழமை அம்மா முறுக்கு சுடுகிறாள். ஒரு டின்தான், டிபார்ட்மெண்டுக்கு இல்லை, உனக்கு. பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா