சித்தப்பாவுக்கு: வரிசை நேராகத்தான் இருந்தது, நாலு நொடிக்கு

அன்புள்ள சித்தப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "ரெண்டரை மணி நேரம் காரோட்டிட்டுப் போயி, டிக்கெட்டும் எடுத்து, பேண்டு வாத்தியமாட்டி பாத்துட்டு வந்தே?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "சரி, வரிசை நேரா இருந்துச்சா?" அதற்குள் சித்தி போனைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் முருங்கைக்காய் விலையைப் பற்றித்தான் பேசினோம்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் செல்போனில் எதையும் படிப்பதில்லை என்று தெரியும். ஆனால் பி.டி. பீரியடில் உங்களிடம் அடி வாங்கிய நாலைந்து பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் சாயங்காலம் வந்து வாசித்துக் காட்டுவார் என்ற தைரியத்தில் இங்கேயே எழுதுகிறேன்.

அதற்குப் பெயர் ட்ரம் கோர். கடைசிச் சொல்லை எழுதும்போது 'கோர்ப்ஸ்' மாதிரி இருக்கும், சொல்லும்போது 'கோர்'. உங்கள் என்.சி.சி.யின் கடைசி எழுத்துக்கும் அதே சொல்தான். பித்தளை ஊதுகருவி, முரசு மாதிரி தட்டி வாசிக்கும் கருவிகள், கொடி, இந்த மூன்றும்தான் அதன் அடிப்படை. கிளாரினெட், புல்லாங்குழல் கிடையாது. பெரிய குழுவில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். இருபத்திரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. பள்ளிக்கூட அணியும் அல்ல. குளிர்காலத்தில் தேர்வு வைத்து அமெரிக்கா முழுவதிலுமிருந்து பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். கோடை முழுக்க ராத்திரி பஸ்ஸில் பயணம், ஏதோ ஒரு பள்ளிக்கூட ஜிம் தரையில் தூக்கம், பகலில் வெயிலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி. சம்பளம் இல்லை. இதற்குப் பிள்ளைகளே ஆயிரக்கணக்கில் டாலர் கட்டுகிறார்கள். உங்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். ஆகஸ்ட் 15 ஒத்திகைக்கு ஆள் பிடிக்க நீங்கள் பிரம்போடு வகுப்பு வகுப்பாகப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

2025 இறுதிப் போட்டியை வீட்டு டிவியில்தான் பார்த்தேன். இண்டியானாபொலிஸில் நடந்தது. 1940-ல் தொடங்கிய பாஸ்டன் க்ருசேடர்ஸ் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பட்டம் வென்றது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று உறுத்தியது. கேமரா எதைக் காட்டியதோ அதைத்தான் நான் பார்த்தேன். வலது கோடியில் ஏதோ பெரிதாக நடந்து அரங்கமே கத்துகிறது, டிவியில் ஒரு பெண் ட்ரம்பெட் ஊதும் முகம். மூன்று தடவை இப்படி ஆனது. அதனால்தான் இந்த ஜூலையில் கிளம்பிப் போனேன். ஒஹாயோவில் ஒரு சிற்றூர், அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து மைதானம், அலுமினியப் பெஞ்சு. நம் ஊர்த் தேர்த் திருவிழாவுக்குப் போகிற மாதிரி மடக்கு நாற்காலியும் தண்ணீர்ப் பாட்டிலுமாகச் சனம்.

போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடியே போய்விட்டேன். வாகன நிறுத்தத்தில்தான் பாதி விஷயம் என்று இதில் பழகியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். மைதானத்துக்குள் அரை பர்லாங் தள்ளி நின்று பார்ப்பதை அங்கே நாலடி தூரத்தில் பார்க்கலாம். முரசுக்காரர்கள் அரைவட்டமாக நின்று கை பழக்கினார்கள். முதலில் ஒரு கைக்கு எட்டு அடி, மறுகைக்கு எட்டு அடி, அவ்வளவுதான். பால்வாடிப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் ஒன்பது பேரின் குச்சியும் தோலிலிருந்து ஒரே உயரத்துக்குத்தான் எழும்புகிறது. ஒன்பது சத்தம் கேட்கவில்லை, ஒன்றுதான் கேட்கிறது. சுற்றி இருநூறு பேர் நிற்கிறோம், ஒருவரும் பேசவில்லை. அந்தப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. பார்வை நம்மை ஊடுருவிக்கொண்டு பின்னால் எங்கேயோ போகிறது.

பக்கத்தில் பாஸ் டிரம்காரர்கள். நம் பள்ளியில் ஒரு பாஸ் டிரம்தான், அதை யார் சுமப்பது என்பதில் சண்டை. இங்கே ஐந்து, சின்னதிலிருந்து பெரியதுவரை, ஆளுக்கு ஒரு சுருதி. ஓடுகிற ஒரு ஜதியை ஐந்து பேரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஒரு வாக்கியத்தை ஐந்து பேர் ஆளுக்கு ஓர் எழுத்தாகச் சொல்லி, கேட்பவனுக்கு ஒருவனே பேசுவது போலத் தோன்ற வேண்டும் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். மூன்றாமவன் ஒரு இமை பிந்தினால் வாக்கியமே திக்கிவிடும். உங்கள் ஞாபகம் அங்கேதான் முதலில் வந்தது. நீங்கள் வந்திருந்தால் உள்ளே போட்டிக்கே வந்திருக்க மாட்டீர்கள்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா. எழுபது இருக்கும், அந்த வெயிலிலும் பழைய குழுவின் ஜாக்கெட் போட்டிருந்தார். எழுபதுகளில் பியூகிள் என்ற ஊதுகொம்பு ஊதியவராம். அப்போதெல்லாம் தேவாலயத்துக்கு ஒரு குழு, போர்வீரர் சங்கக் கிளைக்கு ஒரு குழு என்று ஊருக்கு ஊர் இருந்தன என்றார். போட்டிகளையும் அந்த வீரர் சங்கங்கள்தான் நடத்தின, விதியும் அவர்களுடையதே. குழுக்கள் பொறுத்துப் பார்த்து, 1971-ல் தங்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கின. அதுதான் ட்ரம் கோர் இன்டர்நேஷனல். 1972-ல் விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற ஊரில் முதல் போட்டி. கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தது. இன்றைக்கு அந்தக் குழு களத்தில் இல்லை. பத்துத் தடவை பட்டம் வாங்கிய, 1934-ல் பிறந்த கேடட்ஸ் குழுவே 2024-ல் மூடிவிட்டது. அதைச் சொல்லும்போது அந்த அம்மா ஜாக்கெட் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். நானும் மேலே கேட்கவில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் சொல்லித்தந்த நடை ஓர் எட்டுக்கு முப்பது அங்குலம். காலையில் சுண்ணாம்பு வாளியோடு போய்க் கோடு போட்டுவிட்டு அந்தக் கோட்டில்தான் எங்களை நடத்துவீர்கள். இங்கே கோடு ஏற்கனவே இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அந்த ஐந்து கஜத்தை எட்டுக் காலடியில் கடப்பதுதான் அடிப்படை. ஓர் எட்டு இருபத்திரண்டரை அங்குலம். கண்ணை மூடிக்கொண்டும் அந்த அளவு வரும்வரை பழகுகிறார்கள். அதன்பிறகு குறுக்கே, பின்னோக்கி, முன்பாதத்தில் மட்டும், தோளில் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் ட்யூபா என்ற பெரிய பித்தளைக் குழலோடு, நிமிடத்துக்கு நூற்றெண்பது எட்டு வேகத்தில். பயிற்சியின்போது ஒவ்வொருவர் இடுப்பிலும் கயிற்றில் ஒரு சின்ன நோட்டு தொங்குமாம். எந்தக் கோட்டிலிருந்து எத்தனை எட்டு தள்ளி, எத்தனை எண்ணிக்கைக்குள் போய் நிற்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பார்கள். மேடையேறும்போது அத்தனையும் மனப்பாடம்.

இன்னொரு சிக்கலை நான் யோசித்ததே இல்லை. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மைதானம் நீளவாக்கில் 100 கஜம், அதாவது 91 மீட்டர். இந்தக் கோடியில் அடித்த அடி அந்தக் கோடிக்குப் போய்ச் சேரக் கால் நொடிக்கு மேல் ஆகும். நூற்றெண்பது வேகத்தில் ஒரு தாளத்துக்கே நொடியில் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியென்றால் காதில் கேட்பதை நம்பி ஊதினால் ஊதுகிறவன் கிட்டத்தட்ட ஒரு தாளம் பிந்திவிடுவான்! அதனால் பின்னால் நிற்கிற முரசுதான் நேரம். முன்வரிசையில் மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தைத் தட்டி வாசிக்கிறவர்கள் யாரையும் பார்க்காமல், முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் முரசைக் கேட்டு அதோடு சேர்ந்துகொள்கிறார்கள். மேடையில் நின்று கையசைக்கும் தலைவி காதை மூடிக்கொண்ட மாதிரி, நடு முரசுக்காரனின் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கால் விழும்போது கை விழும். காலைப் பார்த்த குற்றத்துக்காக எத்தனை பேரை வெயிலில் நிறுத்தினீர்கள்! இங்கே நூற்றைம்பது பேரின் தாளம் ஒருத்தனுடைய காலில் இருக்கிறது.

மழை வந்தது. மின்னல் தெரிந்ததும் ஒலிபெருக்கியில் சொல்லி எல்லோரையும் காருக்கு விரட்டினார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்ப உட்கார்ந்தோம். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை, பெஞ்சு நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு ப்ளூகோட்ஸ் வந்தது. ஒஹாயோவிலேயே கேன்டன் நகரத்துக் குழு, 2016-லும் 2024-லும் சாம்பியன். அவர்கள் உள்ளே நுழைந்ததும் அரங்கம் முழுக்க அடித்தொண்டையில் "ப்ளூ..." என்று இழுத்தது. முதல் தடவை கேட்பவருக்கு விரட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும். எனக்கு முன்னால் இருந்த ஒரு சின்னப் பையன் அழவே போய்விட்டான், அவன் அப்பா சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். 2009-லிருந்து எலெக்ட்ரானிக் கருவிகளுக்கு அனுமதி உண்டு. சில குழுக்கள் ஸ்பீக்கரில் அடிநாதத்தைக் கொட்டி, அத்தனை கனத்தைத் தூக்கி ஊதுகிற ட்யூபாக்காரர்களின் சத்தத்தையே மூழ்கடித்துவிடுகின்றன. அந்தப் பிள்ளைகள் பாவம்.

மதிப்பெண் நூற்றுக்கு. மொத்த நிகழ்ச்சி மனதில் எப்படி ஏறுகிறது என்பதற்கு 40, கண்ணுக்கு 30, காதுக்கு 30. நடுவர்கள் பார்க்கும்போதே பேசிப் பதிவுசெய்கிறார்கள், அது பிறகு பயிற்சியாளர்களுக்குப் போகும். 2008 இறுதிப் போட்டியில் ஃபாண்டம் ரெஜிமென்ட் 98.125, ப்ளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025! மூன்றாம் பரிசுக்காகப் பக்கத்துப் பள்ளி பி.டி. சாரோடு நீங்கள் ஒரு வருஷம் பேசாமல் இருந்தது இதற்கு முன்னால் சாதாரணம்.

கடைசிக்கு முந்தி ஆடிய ஒரு குழு. பெயர் சொல்ல மாட்டேன். பத்து நிமிஷமாக வட்டம் சதுரமாகிறது, சதுரம் கரைந்து வால் நட்சத்திரமாகிறது, நீங்கள் கேட்ட வரிசை எங்கேயுமே இல்லை. திடீரென்று, எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை, ஊதுகிறவர்கள் அத்தனை பேரும் மைதானத்தின் நீளவாக்கில் ஒரே கோடாக நின்றார்கள். நின்ற வேகத்தில் வாத்தியத்தை உயர்த்தி, எங்களை நோக்கி நடந்துகொண்டே முழு மூச்சில் ஊதினார்கள். பித்தளை நெஞ்செலும்பில் கேட்டது. சனம் எழுந்துவிட்டது, அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணிப் பார்த்தேன், நாலு நொடி. அப்புறம் கோடு உடைந்து மறுபடி வேறு உருவம். நாம் அரைமணி நேரம் நின்று காட்டுகிற நேர்க்கோட்டை இவர்கள் நாலு நொடி மட்டும் காட்டிவிட்டுக் கலைத்துவிடுகிறார்கள்.

நேராக இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது, இடதுபக்கம் ஏழாவதாக வந்த ஒரு பையனைத் தவிர. அரை எட்டு முன்னால் இருந்தான். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது என் கண் நேராக அவனிடம்தான் போய் நின்றது. அது உங்கள் வேலை. இரண்டாவது நொடியில் அவனே உணர்ந்து, தலையைத் திருப்பாமல், அடுத்த எட்டைக் குறுக்கிச் சரிசெய்துகொண்டான். பக்கத்து அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த ஜூலைக்கு உங்கள் இருவருக்கும் விசா எடுப்பதாகப் பேசியிருக்கிறோம். பாஸ்போர்ட் தேதியைத் தம்பியிடம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மைதானத்தில் லிஃப்ட் கிடையாது, ஆனால் உருவம் தெரிய வேண்டுமானால் உச்சிப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும், முப்பது படிக்கு மேல் இருக்கும். முட்டிவலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த அண்ணன் மகள்