டிஷ் வயர் வழியே வந்த இடி

குமுளி,
ஐப்பசி 12

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்திக்குப் பல் முளைத்ததைப் பற்றி ஒரு வரி, புது டிவியைப் பற்றி ஒன்றரைப் பக்கம். சரி, 43 இஞ்ச் ஆயிற்றே, இருக்கட்டும்.

கடைக்காரர் ஸ்டெபிலைசரைத் தலையில் கட்டப் பார்க்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். டிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முதலில் படி. பெரும்பாலும் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும். அப்படியானால் சாயங்காலம் கரண்ட் 170க்கு இறங்கினாலும் டிவிக்கு ஒன்றும் ஆகாது. இடி விழுந்தாலும் ஸ்டெபிலைசர் உதவாது. உள்ளே ரிலே என்ற சுவிட்ச் டக்கென்று மாறுவதற்குள் மின்னல் வந்த காரியத்தை முடித்துவிட்டிருக்கும். அதன் கணக்கெல்லாம் மைக்ரோ செகண்டில்.

ஆனால் போன மாதம் உங்கள் தெருவில் நாலு டிவியைக் கொன்றது இடி இல்லை. உன் வீட்டு பல்பு கல்யாண வீடு மாதிரி எரிந்தது, எதிர்வீட்டில் மங்கிப் போனது என்று எழுதியிருந்தாயே, அது நியூட்ரல் அறுந்த கதை. தெருவுக்குக் கரண்ட் கொண்டு வரும் மூன்று பேஸ் கம்பிகளுக்கும் திரும்பிப் போகும் வழி அந்த ஒரு கம்பிதான். அது கம்பத்தில் அறுந்தால் (உன் ஊர் கம்பத்தைச் சொல்லவில்லை, கரண்ட் கம்பத்தைச் சொல்கிறேன்) வேறு வேறு பேஸில் இருக்கும் உன் வீடும் எதிர்வீடும் 415 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். அந்தப் பங்கில் நியாயம் கிடையாது. மோட்டாரும் அயர்ன் பாக்ஸும் ஓடுகிற வீட்டுக்குக் குறைச்சல். ஒரு பல்பும் டிவியும் மட்டும் ஓடுகிற வீட்டில் 300, 350 என்று ஏறிவிடும். இதற்கு வோல்ட்டேஜ் ஏறினால் தானே லைனை அறுத்துவிடும் ஹை கட்-ஆஃப் வேண்டும். கடைக்காரர் நீட்டும் ஸ்டெபிலைசரில் அது இருந்தால் வாங்கு, இல்லையென்றால் வேண்டாம்.

இடி விஷயத்தில் எனக்குப் பட்ட அனுபவம் உண்டு. இங்கே ஐப்பசியில் காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் மேகம் ஏறி நிற்கும். மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை இடியைக் கவனியுங்கள் என்று இங்கே பேரிடர் ஆணையம் சொல்வது சும்மா இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தில் இடி விழுந்தது. வீட்டில் விழவில்லை, நாற்பது அடி தள்ளித்தான். டிவி சுவிட்ச் அணைத்திருந்தது. வோல்ட்டேஜ் திடீரென்று எகிறினால் தடுக்கும் ஸ்பைக் கார்டும் போட்டிருந்தேன். அதனால் தைரியமாக உட்கார்ந்து பால் விடாத கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்ததும் போட்டால் சிவப்பு லைட் எரிகிறது, படம் இல்லை. மெக்கானிக் வந்து கழற்றினார். பவர் போர்டுக்கு ஒரு கீறல் இல்லை. ஹெச்.டி.எம்.ஐ. சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புச் சில்லைக் காட்டினார். அதன் நடுவில் கடுகு அளவு ஓட்டை. அப்புறம் டிஷ் பாக்ஸின் பின்னால் வயர் முறுக்கும் பித்தளைப் பிடியைப் பார்த்தோம், விளக்குத் திரி மாதிரி கருகியிருந்தது. பக்கத்தில் மின்னல் விழுந்தாலே போதுமாம், மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நீளமான வயரில் வோல்ட்டேஜ் கிளம்பிவிடும். டிஷ் வயரில் ஏறி, பாக்ஸ் வழியாக டிவிக்குள் வந்து, கரண்ட் வயர் வழியாக வெளியே போயிருக்கிறது. சுவிட்ச் அணைத்தால் பேஸ் மட்டும்தான் பிரியும், நியூட்ரல் அப்படியேதான் இருக்கும். நான் வாசல் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தேன்!

அதிலிருந்து மேகம் கறுத்தால் பிளக்கையும் பிடுங்கிவிடுவேன், டிஷ் வயரையும் கழற்றிவிடுவேன். இடி நெருங்கி வந்த பிறகு பிளக்கையும் அந்த வயரையும் தொடாதே. மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பி, மூன்று எண்ணினால் சுமார் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் சத்தம் கேட்டால் டிவியை விட்டுவிட்டுப் பேசாமல் உட்கார். நீ கேபிள் போட்டிருந்தாலும், நெட் வயர் சொருகியிருந்தாலும் இதே கதைதான்.

ஸ்பைக் கார்டு வீண் என்று சொல்லவில்லை. உள்ளே எட்டணா காசு மாதிரி ஒரு துத்தநாக ஆக்சைடு வில்லை இருக்கும், அதிக வோல்ட்டேஜ் வந்தால் தன் மேல் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். அதனால் எவ்வளவு அடி தாங்கும் என்ற ஜூல் அளவு அச்சடித்ததாக, பாதுகாப்பு இருக்கிறதா என்று காட்டத் தனி லைட் உள்ளதாகப் பார்த்து வாங்கு. பாதி கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நியூட்ரல் அறுந்து நிமிஷக்கணக்கில் 350 வந்தால் அந்த வில்லையே எரிந்துவிடும், அதையும் மனதில் வை.

இன்னொன்று, உன் அப்பா கட்டிய வீட்டில் பிளக்கின் மூன்றாவது ஓட்டைக்கு உண்மையிலேயே எர்த் வருகிறதா? வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். எர்த் குழி கிணற்றடியில் இருந்ததாக ஞாபகம். கோடையில் அதில் நாலு குடம் தண்ணீர் ஊற்று, காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது.

ஏலக்காய் இந்தத் தடவை சுமார்தான். உனக்கு அரைக் கிலோ தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கார்த்திகைக்குள் ஒரு நாள் மலை ஏறி வா. வரும்போது பன்னீர் திராட்சை கொண்டு வா, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள். போன தடவை சீட்டுக்கு அடியில் வைத்து ஜூஸாகக் கொண்டு வந்தாய்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்