கண்வலிக்கிழங்கும் வெங்காய வேரும்

தண்டையார்பேட்டை

அன்புள்ள பூங்கொடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது பெரிய நிம்மதி. இங்கே அனைவரும் நலம்.

உங்கள் மூலனூர்க் காட்டில் விளையும் கண்வலிக்கிழங்கு விதையிலிருந்து கோல்சிசின் என்ற மருந்துப்பொருளை எடுக்கிறார்களே, அது செல்லை என்ன செய்கிறது என்று கேட்டிருந்தாய். மாணவிகளுக்கு அதைத்தான் இப்போது நுண்ணோக்கியில் காட்டிக்கொண்டிருக்கிறேன். வெங்காய வேர் நுனிகளைக் கோல்சிசின் கரைசலில் சில மணி நேரம் வைத்து, அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலால் நசுக்கிப் பார்க்கிறோம். வெளியே கண்டெய்னர் லாரி போனால் காட்சி நடுங்கும். நின்றதும் மீண்டும் தெளிந்துவிடும்.

கோல்சிசின் படாத வேரில், செல் இரண்டாகப் பிரியும்போது மரபுப்பொருளைச் சுமக்கும் குரோமோசோம்கள் நடுவில் அணிவகுத்து நிற்கும். கதிர்கோல் இழைகள் அவற்றை இரு பக்கமும் இழுக்கும். டியூபுலின் என்ற புரதம் கோத்துக்கொண்டுதான் அந்த இழை உருவாகிறது. கோல்சிசின் டியூபுலினில் ஒட்டிக்கொண்டு கோக்கவிடாமல் செய்கிறது. இழுக்க ஆளில்லாத குரோமோசோம்கள் குட்டையாய், தடித்துச் சிதறிக் கிடக்கின்றன. நன்றாக நசுங்கிய செல்லில் வெங்காயத்தின் 16 குரோமோசோம்களையும் எண்ணிவிடலாம். மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்று 1956-இல் டிஜியோ, லெவான் என்ற ஆராய்ச்சியாளர்கள் காட்டியபோதும் கோல்சிசினே கைகொடுத்தது.

ஒரு மாணவி எண்ணி முடித்து, "மிஸ், கோல்சிசின் பட்ட வேரில்தான் பகுப்பில் இருக்கும் செல்கள் அதிகம். அப்படியானால் இது பகுப்பை வேகப்படுத்துகிறதா?" என்றாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. நிலைவாரியாகப் பிரித்து எண்ணச் சொன்னேன். குரோமோசோம்கள் பிரியக் காத்திருக்கும் மெட்டாஃபேஸ் நிலை நிறைய, அவை இரு பக்கமும் பிரிந்து போகும் அனாஃபேஸ் நிலை தேடினாலும் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த காசிமேட்டுப் பெண் சட்டென்று, "துறைமுக வாசலில் லாரி வரிசை நீண்டிருந்தால் சரக்கு வேகமாகப் போகிறது என்றா அர்த்தம்? உள்ளே போக முடியாமல்தானே நிற்கின்றன!" என்றாள். அதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது. வெறும் எண்ணிக்கையை மட்டும் எழுதி முடித்துவிடும் பதிவேடுகளை இனி நான் ஏற்கப்போவதில்லை.

பூங்கொடி, கவுட் என்னும் கீல்வாதத்துக்கு இது நல்ல மருந்து, ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. விதையும் கிழங்கும் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். விதை உடைப்பவர்களுக்குக் கையுறை வாங்கிக் கொடு.

பூக்கும் பருவத்தில் மாணவிகளை அழைத்துவர நினைக்கிறேன். காலையில் கையால் மகரந்தம் வைப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். எந்த வாரம் வசதி என்று எழுது.

அன்புடன்,
கலைச்செல்வி