கலாவுக்கு: அம்மாவின் டிக்கெட்டும் என் பாடமும்

குருகிராம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. தேர்வு நேரம் என்பதால் உடனே எழுத முடியவில்லை. உனக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கே மாற்றல் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இனி விடிவதற்குள் பஸ் பிடிக்க ஓட வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை என்பதுதான் மனதை உறுத்துகிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு அவரைத் தனியாக அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். தைரியமாக அனுப்பு. டிக்கெட் போடும்போது சரியான எழுத்துகளைக் கேட்டு வாங்கினால் போதும். விமானப் பணிப்பெண் பயிற்சியில் நான் இங்கே படித்துக்கொண்டிருப்பதே அதைத்தான்.

பயிற்சி முழுக்க எழுத்துமயம். காலையில் உட்கார்ந்ததும் ஊர்களின் மூன்றெழுத்துக் குறியீடுகள்: திருச்சி டி.ஆர்.இசட்., மதுரை ஐ.எக்ஸ்.எம்., கோவை சி.ஜே.பி. சென்னைக்கு இன்னும் மெட்ராஸ் நாளைய எம்.ஏ.ஏ.தான். இதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி, சொல்லச் சொல்லப் படிந்துவிடும். நேரம்தான் ஆரம்பத்தில் படுத்தியது. விமானத்துறை முழுவதும் ஒரே உலக நேரத்தை வைத்துக்கொள்கிறது, ஜூலு என்பார்கள். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். நம்மூரில் செவ்வாய் அதிகாலை 1 மணிக்குக் கிளம்பும் விமானம், எங்கள் பணித்தாளில் திங்கள் இரவு 19.30 என்று நிற்கும். தேதியே மாறிவிடுகிறது பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்குப் பதிலாகச் சொல்லும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசை. இப்போது உலகம் முழுக்கப் புழங்கும் இந்த வரிசை 1956 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பல மொழிக்காரர்கள் வாயிலும் காதிலும் ஒரே மாதிரி நிற்கும் சொற்களாகத் தேடி, சோதித்து எடுத்திருக்கிறார்கள். இஞ்சின் இரைச்சலில், விமானத்துக்குள் ஊழியர்கள் பேசிக்கொள்ளும் இன்டர்போனில், பி, டி, இ, ஜி எல்லாம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஒரு வரிசைக்கு ஆறு இருக்கை உள்ள விமானத்தில் 14 பி இடப்பக்க நடு இருக்கை. 14 டி நடைபாதைக்கு அந்தப் பக்கம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் இவர்களில் யார் என்பதில் குழப்பம் வரவே கூடாது. அதனால் '14 பிராவோ' என்கிறோம். ஒன்பதை 'நைனர்' என்று இழுத்துச் சொல்வதும் ஐந்தோடு குழம்பாமல் இருக்கத்தான். விடுதியில் துணி தேய்க்கும்போதுகூட நானும் அறைத்தோழியும் தெருவில் போகும் வண்டிகளின் நம்பரை இப்படித்தான் சத்தமாகப் படிக்கிறோம்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பயணிகள் ஏறுவதற்கு முன், தனி உதவி தேவைப்படுபவர்களின் பட்டியல் ஒன்றைத் தரைப்பணி ஊழியர் தருவார். இருக்கை எண், பக்கத்தில் நாலெழுத்து, அவ்வளவுதான். எங்கள் பயிற்சி மேடம் பல வருஷம் பறந்தவர். விரிவாக்கத்தை ஒப்பித்தால் அவருக்குப் போதாது. "இந்த எழுத்தைப் பார்த்ததும் உன் கை எங்கே போகும்?" என்றுதான் கேட்பார். யூ.எம்.என்.ஆர். என்றால் துணையில்லாமல் வரும் குழந்தை: இறங்கும் ஊரில் கையெழுத்து வாங்காமல் யாரிடமும் விடக்கூடாது. பி.எல்.என்.டி. என்றால் பார்வையற்றவர்: அழைப்பு பொத்தான் எங்கே, அவசர வழி எத்தனை வரிசை தள்ளி என்று இருக்கைகளைத் தொட்டு எண்ணிக் காட்ட வேண்டும்.

சக்கர நாற்காலிக்கு மூன்று குறியீடுகள். முதல் மூன்று எழுத்து, டபிள்யூ.சி.எச்., எல்லாவற்றுக்கும் பொது. கடைசி எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஆர் என்றால் விமானம் வரைக்குமான தூரம் மட்டும் நடக்க முடியாது, படி ஏறிவிடுவார். எஸ் என்றால் படியும் ஏற முடியாது, உள்ளே இருக்கை வரை நடப்பார். சி என்றால் இருக்கை வரைக்குமே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். வெறுமனே 'வீல்சேர் வேணும்' என்று சொன்னால் பெரும்பாலும் ஆர் என்று போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு விமானம் தள்ளி நின்றால், பஸ்ஸில் கூட்டிப்போய் ஏணிப்படிக்கு முன்னால் நிறுத்துவார்கள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? எஸ் என்று இருந்தால் தூக்கி ஏற்றும் வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அதனால் எஸ் என்று கேள். கூடவே எம்.ஏ.ஏ.எஸ். கேள், கூட வந்து உதவுவதற்கு. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்பதையும் சேர்க்கச் சொல். சர்க்கரைக்காரர்களுக்கான சாப்பாடு டி.பி.எம்.எல். கட்டணம் குறைந்த விமானங்களில் அது இல்லாமலும் போகலாம், பார்த்துக்கொள். நாலு மணி நேரப் பயணம்தான், பையில் ஏதாவது கட்டிக் கொடு. இன்சுலினும் மருந்துச் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். இறங்கும்போது எல்லோரும் எழுந்தாலும் அம்மா எழ வேண்டாம். நாற்காலி வந்து நிற்கும்வரை உட்கார்ந்தே இருக்கட்டும். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பாவது இதெல்லாம் பதிவாகிவிட்டதா என்று போன் போட்டுக் கேட்டுவிடு.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஏ.பி.பி. என்று ஒன்று உண்டு, ஆபத்தில் கைகொடுக்கக்கூடிய திடகாத்திரமான பயணி. வாசலில் கைகூப்பி வணக்கம் சொல்லும்போதே ராணுவத்தினர், தீயணைப்பு வீரர், நர்ஸ், விடுமுறையில் பறக்கும் எங்கள் ஆட்கள் யாராவது வருகிறார்களா என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அது தெரிந்த பிறகு அந்த வணக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. 'காபி டீ கொடுக்கப் போறியா' என்று கேட்ட சித்தப்பாவிடம் ஒருநாள் இதைப் பொறுமையாகச் சொல்லப் போகிறேன்.

நேற்று, பயிற்சிக்கென்று செய்து வைத்திருக்கும் மாதிரி விமானத்துக்குள் 'நிட்ஸ்' பயிற்சி, ஆபத்து நேரத்தில் கேப்டன் சொல்லும் தகவலை வாங்கிக்கொள்ளும் முறை. விளக்கை அணைத்து, புகை விட்டு, இன்டர்போனில் கேப்டன் குரலில் மேடம் நாலு விஷயம் சொன்னார்: என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, வேறு ஏதாவது உத்தரவு உண்டா. கேட்டதை எழுதி, அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எனக்குப் பேனா நடுங்கியது, ஆனால் நாலும் வரிசையாக வந்துவிட்டது. மேடம் தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்கு அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்து நீச்சல் குளத்தில் தெப்பப் பயிற்சி. அது முடிந்ததும் எழுதுகிறேன். அம்மாவின் பயணத் தேதி முடிவானதும், பணம் கட்டுவதற்கு முன்னால், டிக்கெட் விவரத்தை எனக்கு அனுப்பு. நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அப்புறம், புதுப் பள்ளியில் உனக்கு எந்த வகுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
செல்வி