முழுத் தேக்கு என்று சொல்லி விற்ற சாப்பாட்டு மேசை: எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரவும்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

கானாடுகாத்தானிலிருந்து எழுதுகிறேன். போன தை மாதம் உங்கள் திருச்சி ஷோரூமில் ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிளும் ஆறு நாற்காலியும் 58,500 ரூபாய்க்கு வாங்கினேன். பில், வாரண்டி அட்டை, போட்டோக்கள் எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கிறது. உங்கள் கால் சென்டருக்கு இதுவரை ஏழு தடவை பேசிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு பிள்ளை எடுத்து, முதலிலிருந்து கதை கேட்டு, புதிதாக ஒரு புகார் எண் கொடுத்து, "48 மணி நேரத்தில் கூப்பிடுவார்கள் சார்" என்று சொல்லி வைத்துவிடுகிறது. பாவம், அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எட்டாவது தடவை கதை சொல்லத் தெம்பில்லாததால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மேசை நாலே மாதத்தில் வீணாகிவிட்டது. அது இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன். என் முதல் புகார், தேக்கு என்று சொல்லி நீங்கள் தேக்கில்லாத ஒன்றை விற்றீர்கள் என்பதுதான்.

எங்கள் வீட்டில் மேசை போட்டுச் சாப்பிடும் வழக்கமே கிடையாது. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பாய் விரித்து, இலை போட்டு, வரிசையாக உட்கார்ந்துதான் சாப்பாடு. அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இப்போது 78 வயது, முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. கீழே உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அவர் ஒருத்தருக்கு மட்டும் ஸ்டூல் போட்டுச் சாப்பாடு வைத்தால், தான் தனியாகப் போய்விட்ட மாதிரி முகம் வாடுகிறது. அதனால்தான் எல்லோரும் சேர்ந்தே மேலே உட்கார்ந்துவிடலாம் என்று மேசை தேடினோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அருமையான பர்மா தேக்கு மேசைகள் கிடந்தன, ஆனால் எங்களுக்குப் பிடித்ததெல்லாம் பன்னிரண்டு பேர் உட்காருகிற நீளம், விலையும் அதற்கேற்ற நீளம். எங்கள் ஆசாரியிடம் கேட்டால் கையில் வேலை இருக்கிறது, மூன்று மாதம் ஆகும் என்றார். அவசரப்பட்டு உங்களிடம் வந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஷோரூமில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். நான் கேட்ட முதல் கேள்வியே "இது என்ன மரம் தம்பி?" என்பதுதான். "சாலிட் உட் சார், முழுத் தேக்கு" என்றார் உங்கள் விற்பனையாளர். பலகை எங்கும் ஒரே சீராக, ஒரு கணு கூட இல்லாமல், அச்சடித்த மாதிரி இருந்ததால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். உடனே அவர் மேசையின் ஒரு மூலையை என்னைத் தூக்கச் சொன்னார். "பாருங்க சார், என்ன கனம்! தேக்கு இல்லேன்னா இந்தக் கனம் வருமா?" என்றார். தூக்கினேன், கனமாகத்தான் இருந்தது, நம்பிவிட்டேன்.

பிறகு ஆசாரி இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். நன்றாகக் காய்ந்த தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ வரும். ஆறடிக்கு மூன்றடி, ஓர் அங்குலக் கனம் என்றால் ஒன்றரை கன அடி, அதாவது மேல்பலகை மட்டும் 27 கிலோ அளவில் இருக்க வேண்டும். ஆனால் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை பெரும்பாலும் தேக்கை விடக் கனம் கூடுதல். கனத்தைக் காட்டித் தேக்கு என்று நிரூபிப்பது, கல் அதிகமாக இருப்பதைக் காட்டி அரிசி நல்ல எடை என்று சொல்வது மாதிரி. உங்கள் ஆட்களுக்கு இது தெரிந்தே சொல்கிறார்களா, தெரியாமல் சொல்கிறார்களா என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

சரி, வீட்டுக்கு வந்தது. முதல் மூன்று மாதம் குறை ஒன்றுமில்லை, அப்பச்சிக்கும் சந்தோஷம். நாங்கள் மேசையிலும் இலை போட்டுத்தான் சாப்பிடுவோம். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கும்போது நாலு சொட்டு ஓரத்தில் வழியும். மேசை என்றால் இது கூடத் தாங்காதா? சித்திரை கடைசியில் ஒருநாள், அப்பச்சி உட்காரும் பக்கத்து விளிம்பில் கை வைத்தால் மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். விளிம்பில் ஒட்டியிருந்த பட்டை வாய் பிளந்து நின்றது. உள்ளே மரம் இல்லை. டீயில் முக்கிய பிஸ்கெட் மாதிரி ஊதிப்போன பழுப்பு நிறத் தூள். நகத்தால் கீறினால் உதிர்ந்தது. மேலே ஒட்டியிருந்த தேக்குத் தாளைப் பிரித்துப் பார்த்தேன், கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம் கூட இல்லை.

அதே வாரத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல், நல்ல சிவப்பு. காலையில் மேசைக்கால் பக்கத்தில் வெள்ளையாக மாவு கிடந்தது. வேலைக்கு வருகிற அக்கா கோலமாவைச் சிந்திவிட்டது என்று ஆத்தா சத்தம் போட்டார்கள். துடைத்தோம். மறுநாள் அதே இடத்தில் அதே மாவு. மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் காலில் குண்டூசியால் குத்தின மாதிரி வட்ட வட்டமாகப் பதினோரு துளை. உளுத்துக்கொண்டிருக்கிறது. அந்த அக்காவிடம் ஆத்தா மன்னிப்புக் கேட்டார்கள். நீங்கள் இன்னும் எங்களிடம் கேட்கவில்லை.

நாலாவது போனுக்கு அப்புறம் ஒரு டெக்னீசியனை அனுப்பினீர்கள். வந்தவர் மேசையைப் பார்த்ததை விட வீட்டு உத்தரத்தைப் பார்த்ததுதான் அதிகம். கடைசியில் "பழைய வீடு சார், கரையான் இருக்கும், அதான் ஏறிடுச்சு. பூச்சியும் தண்ணியும் வாரண்டில வராது" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். நான் போடவில்லை. இந்த வீட்டுத் தூண்கள் கப்பலில் வந்த பர்மா தேக்கு, நூறு வருஷத்துக்கு மேல் நிற்கின்றன, ஒரு கரையான் வாய் வைத்ததில்லை. அது போகட்டும், கரையானுக்கும் உளு வண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா மரச்சாமான் கம்பெனியில் டெக்னீசியனாக இருக்கிறார்? தரையிலிருந்து ஏறுகிற கரையான் என்றால் மண் பூசிக்கொண்டு வரும், சுவரிலோ தரையிலோ அதன் பாதை தெரியும். சுத்தமான வட்டத் துளையும், முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி மாவும் கொட்டினால் அது வண்டு. மரத்துக்குள் இட்ட முட்டை பொரிந்து, புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கடைசியில் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த முட்டை பெரும்பாலும் பாலிஷ் போடுவதற்கு முன்னாலேயே மரத்தில் இருந்திருக்கும். அதாவது உங்கள் பட்டறையிலிருந்தோ கிடங்கிலிருந்தோ என் வீட்டுக்கு வந்த விருந்தாளி.

ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன். கவிழ்த்துப் போட்டு ஒரு காலைக் கழற்றினார். கால் ரப்பர் மரம் என்றார். மேல்பலகையைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் முதலிலேயே தெரிந்து வைத்திருந்தால் 58,500 ரூபாய் மிஞ்சியிருக்கும். நிஜப் பலகையில் மேலே ஓடுகிற ரேகை விளிம்பில் மடங்கி இறங்கும், குறுக்கே அறுத்த முனையில் நீளக் கோடு இருக்காது, வளையத்தின் துண்டு வளைவாகத் தெரியும். உங்கள் மேசையில் நாலு விளிம்பிலும் ஒரே நீளக் கோடு. எந்த மரமும் அப்படி வளராது என்றார்.

ரப்பர் மரத்தை நான் மட்டமாகச் சொல்லவில்லை. பால் வெட்டி ஓய்ந்த மரத்தை 25, 30 வருஷத்தில் அறுத்து, போரான் மருந்து ஏற்றி, சூளையில் சரியாகக் காயவைத்தால் வீட்டுக்குள் போட நல்ல மேசை கிடைக்கும். அதில் மாவுச்சத்து அதிகம், அதனால் மருந்து சரியாக ஏறாவிட்டால் வண்டுக்கு அது பந்தி. ரப்பர் மரம் என்று சொல்லி, ரப்பர் மரத்து விலைக்குக் கொடுத்திருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பேன். உங்கள் வாரண்டி அட்டையில் "பூச்சி மருந்து ஏற்றி உலர்த்திய மரம்" என்று அச்சடித்திருக்கிறது. அதே அட்டையின் பின்பக்கம் பூச்சிக்குப் பொறுப்பில்லை என்றும் அச்சடித்திருக்கிறது. முன்பக்கம் எழுதியவரும் பின்பக்கம் எழுதியவரும் ஒருதடவை சந்தித்துப் பேசினால் நல்லது.

இனி பில். ஷோரூமில் வாயால் சொன்னது "முழுத் தேக்கு". விலைச்சீட்டில் "சாலிட் உட்". பில்லில் "டீக் பினிஷ்". கடையிலிருந்து காகிதத்துக்கு வருவதற்குள் மரம் மூன்று தடவை மாறிவிட்டது. பினிஷ் என்றால் நிறம் என்று ஏழாவது போனில்தான் உங்கள் ஆள் விளக்கம் சொன்னார். தேக்கு நிறத்துக்குத் தேக்கு விலையா? விலைச்சீட்டைப் போட்டோ எடுத்து வைத்திருந்தது என் மருமகள். அந்தப் படமும் இணைப்பில் இருக்கிறது, நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். மேசை, நாற்காலி எல்லாவற்றையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 58,500 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். வேறு மேசை மாற்றித் தருகிறோம், 20 சதவீதம் கூப்பன் தருகிறோம் என்பதெல்லாம் வேண்டாம். உளுக்கிற கால்களை இந்த வீட்டில் ரொம்ப நாள் வைத்திருக்கவும் முடியாது. வைரம் பாய்ந்த தூணையும் நிலைக்கதவையும் அந்த வண்டு தொடாது என்று ஆசாரி தைரியம் சொன்னாலும், வெள்ளைக்கட்டு, அதாவது வைரம் பாயாத வெளிமரம், உள்ள அலமாரியும் பெட்டியும் நிறைய இருக்கின்றன. இப்போதைக்கு மேசையைப் பின்கட்டில் தனியாகத் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அப்பச்சி மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளில் பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷம் வரை அவகாசமும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஏற்கெனவே பேசி என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். பிரிந்த விளிம்பில் ஒரு துண்டையும் ஒரு டப்பா மாவையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் ஆணையத்தில் காட்டுவேன்.

மேசையை எடுக்க வண்டி அனுப்பும்போது முந்தின நாளே போன் செய்யச் சொல்லுங்கள். முகப்புப் பக்கம் வர வேண்டாம், அங்கிருந்து பின்கட்டு வரை ஏழெட்டு நிலைப்படி தாண்டித் தூக்க வேண்டியிருக்கும். பின்தெருவில் நிறுத்தினால் நேரே எடுத்துக்கொள்ளலாம். பணம் என் கணக்கில் ஏறின பிறகு கதவைத் திறந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கானாடுகாத்தான்