டிவிய மாத்தாத தம்பி, பொட்டிய மாத்து

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம், அதுபோல நீயும் கட்டார்ல சுகமா இருக்கணும்னு மாரியம்மன வேண்டிக்கிறோம். போன்ல பேசுனா நீ "சரிப்பா சரிப்பா"ன்னு சொல்லி வச்சிடுற, வொய்ஸ் மெசேஜ் போட்டா நடுவுல அம்மா வந்து ஊர்க்கதை பூரா பேசிடுது, அதான் இஸ்தோப்பு திண்ணையில உக்காந்து டைப் பண்றேன்.

நீ அனுப்புன ஹோம் தியேட்டர் போட்டோ பாத்தோம். தங்கச்சி பெருசு பண்ணி காட்டுனா. ஆம்ப் ஒண்ணு, ஸ்பீக்கர் அஞ்சு, அப்புறம் அந்த கருப்பு பொட்டி, பேஸ் சத்தம் போடுற சப்வூஃபர், அது நம்ம அரிசி டின்ன விட பெருசா இருக்கும் போல. பாசத்துல வாங்குற, எனக்கு தெரியாம இல்ல. ஆனா நமக்கு வேண்டியது அது இல்ல, ரெக்கார்ட் பண்ற டிஷ் பொட்டி. வாங்குறதுக்கு முன்னாடி நான் சொல்றத முழுசா கேளு, தேயிலை ஸ்டோர்ல இத்தன வருசம் மோட்டருக்கும் வயருக்கும் நடுவுல கெடந்தவன் சொல்றேன்.

நம்ம லயத்து காம்பரா ஒரே ரூம், பத்துக்கு பன்னெண்டு அடி. நீ வளந்த எடம்தான், ஆனா அங்க பெரிய ரூம்ல இருந்து பழகி மறந்திருப்ப. பின்னாடி வைக்கிற ரெண்டு ஸ்பீக்கர எங்க வைக்கிறது, நாம உக்கார்ற பெஞ்சே பின் செவுத்த ஒட்டித்தான் கெடக்கு, தலைக்கு பின்னால எடமே இல்ல. சப்வூஃபர மூலையில வச்சா மூலையே சத்தத்த கூட்டி கொடுக்கும், அந்த பேஸ் சத்தம் செவுத்துல நிக்காது, பெரிய அலை, அப்படியே ஊடுருவி அடுத்த காம்பராவுக்கு போயிடும். அந்தப் பக்கம் அத்த காலம்பற வேலைக்கு பேர் குடுக்க பெரட்டுக்கு போகணும், ராத்திரி ஒம்போது மணிக்கு நம்ம படத்துல குண்டு வெடிச்சா அது பாவம் என்ன பண்ணும். இந்தப் பக்கம் தங்கச்சி ஏஎல் பரீட்சைக்கு படிக்குது.

அதோட நாம பாக்குற சேனல் முக்காவாசி ஸ்டீரியோ. ரெண்டு பக்கம்தான் சத்தம் வருது, அதையே ஆம்ப் பிரிச்சு அஞ்சுக்கும் அனுப்பும், அவ்வளவுதான். நெசமான 5.1, அதான் அஞ்சு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் தனித்தனி சத்தம், வேணும்னா டிஸ்க் போடணும், இல்லாட்டி நெட்ல பாக்கணும். நம்ம மலையில நெட்டு எப்படின்னு வீடியோ கோல்ல என் மூஞ்சி கட்டம் கட்டமா நிக்கும்போதே உனக்கு தெரியும்.

சத்தத்துல நமக்கு இருக்குற கொறை வேற. தகரத்துல மழை கொட்டுனா பேசுறது ஒண்ணும் வெளங்காது, வோலியம ஏத்துனா பாட்டும் மியூசிக்கும் காது கிழியுது, பேச்சு மட்டும் அப்படியே அடியில கெடக்கு. படத்துல பேச்சு வர்றது நடு ஸ்பீக்கர்லதான். அதனால ஏதாவது வாங்கியே ஆகணும்னா நடு ஸ்பீக்கர் தனியா இருக்குற ஒரு சின்ன சவுண்ட்பார் போதும், நைட் மோட்னு ஒண்ணு இருக்கும், பெரிய சத்தத்த அமுக்கி சின்ன சத்தத்த தூக்கி விடும், அது இருக்கான்னு பாத்துக்க. நம்ம டிவில எச்டிஎம்ஐ ஓட்டை ஒண்ணுல ஏஆர்சின்னு எழுதியிருக்கு, டிவி சத்தம் அது வழியா சவுண்ட்பாருக்கு போகும், அதுல குத்துனா ஒரே வயர்ல முடிஞ்சிடும். ஆனா இதுவும் ரெண்டாவதுதான்.

மொதல்ல நமக்கு வேண்டியது ரெக்கார்டிங். அம்மா மலையில இருந்து கொழுந்து நிறுத்துட்டு வீட்டுக்கு வந்து அடுப்ப பத்த வச்சு ரொட்டி தட்டி முடிக்கிறதுக்குள்ள நாடகம் முடிஞ்சு போகுது. நான் நியூஸ் பாக்கணும்ங்கிறேன், மேட்ச் இருந்தா சின்னவன் ரிமோட்ட விட மாட்டேங்கிறான், தங்கச்சி புத்தகத்த தெறந்து வச்சிட்டு ஒரு கண்ணால டிவிய பாக்குது. யாரு எப்ப பாக்குறதுன்னுதான் இங்க தெனமும் சண்ட. சத்தம் பத்தலன்னு இந்த வீட்ல யாரும் சண்ட போட்டதில்ல.

நீ சொல்லுவ, போன தடவ கொண்டாந்த டிவிலயே யுஎஸ்பி ரெக்கார்டிங் இருக்கேப்பான்னு. இருக்கு, நானும் மெனுவுல பாத்தேன், மேனுவல்லயும் படிச்சேன். அந்த டிவி அதோட சொந்த டியூனர்ல, அதான் சேனல் புடிக்கிற பாகத்துல, வர்ற டிஜிட்டல் சேனல மட்டும்தான் ரெக்கார்ட் பண்ணும். நம்ம படம் டிஷ் பொட்டியில இருந்து எச்டிஎம்ஐ வழியா வருது, அது டிவிக்கு வெறும் காட்டுற வேல, ரெக்கார்ட் பண்ண விடாது, அந்த வயர்லயே கொப்பி அடிக்க முடியாம பூட்டு போட்டுத்தான் அனுப்புறாங்க. ஆன்டெனாவ குத்தலாம்னா நம்ம பக்கம் அதுல வர்றது இன்னும் பழைய அனலொக். நாளைக்கு டிஜிட்டல் வந்தாலும், 2014ல ஜப்பான் முறைக்குதான் போறதுன்னு அரசாங்கம் சொல்லிச்சு, ஐஎஸ்டிபி-டின்னு பேரு, அங்க கட்டார்ல விக்கிற டிவி டிவிபி-டி2, ஒண்ணோட ஒண்ணு சேராது. அதனால எத்தன இன்ச் டிவி கொண்டாந்தாலும் இந்த வேல நடக்காது, டியூனர் எந்த பொட்டியில இருக்கோ அந்த பொட்டிதான் ரெக்கார்ட் பண்ணணும்.

வீடியோ கேசட் போடுற டெக்க நெனச்சுப் பாரு, இல்ல நீ அப்ப பொறக்கல. லயத்துல எல்லாரும் காசு போட்டு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் பாத்த காலம் அது, அப்புறம்தான் நாம சொந்தமா ஒரு டெக் வாங்குனோம். 1996 மார்ச் 17, லாகூர்ல உலகக் கிண்ண பைனல், ஆஸ்திரேலியா 241 அடிச்சிட்டாங்க, நம்ம இலங்கை ஆளுங்க அடிக்க எறங்கும்போது ரெக்கார்ட தட்டுனேன், காம்பரா பூரா ஆளுங்க, ஜன்னல்லயும் ஆளுங்க. கேசட் 3 மணி நேரம்தான். அரவிந்த டி சில்வா 107 அடிச்சு அவுட் ஆகாம நிக்கிறாரு, அர்ஜுன ரணதுங்க ஜெயிக்கிற ரன்ன தட்டி விடுறாரு, தோட்டமே வெடி போட்டுச்சு, ஆனா அது எதுவும் கேசட்ல கெடையாது, அதுக்கு முன்னாடியே டக்குனு நின்னுடுச்சு, அந்த நேரத்துல வேற கேசட்டுக்கு எங்க போறது. இன்னைக்கு ஹார்ட் டிஸ்க்ல அந்த கவல இல்ல, எச்டி சேனல் ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 4 ஜிபி புடிக்கும்னு வச்சிக்க, 500 ஜிபி டிஸ்க்ல நூறு மணி நேரத்துக்கு மேல போகும், சாதா சேனல்னா அதுக்கும் ரெண்டு மடங்கு. ஆனா மேட்ச் இழுக்கும், நிகழ்ச்சியும் சொன்ன நேரத்துக்கு முடியாது, அதனால ஆரம்பத்துல கொஞ்சம் முன்னாடியும் முடிவுல தாராளமா பின்னாடியும் நேரம் கூட்டி வைக்கிற வசதி பொட்டியில இருக்கணும், இத கேட்டு வாங்கு.

இன்னொண்ணு, டியூனர் ரெண்டு இருக்கணும். ஒண்ணு ரெக்கார்ட் ஆகும்போது இன்னொண்ண பாக்க. அப்படின்னா டிஷ் முன்னாடி சிக்னல் புடிக்கிற எல்என்பியும் ரெண்டு வாய் உள்ளதா மாத்தி ரெண்டு கேபிள் இழுக்கணும், அத நான் பாத்துக்குறேன், கூரைல ஏறுறதுக்கு இன்னும் தெம்பு இருக்கு, அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. வேற நாட்டு பொட்டி இங்க வேல செய்யாது, இங்க டிஷ் குடுக்குற கம்பெனியோட கார்டும் அவங்க பொட்டியும்தான் சேரும், அதனால பொட்டிய நான் ஹட்டன் டவுன்ல விசாரிக்கிறேன், நீ காசு மட்டும் அனுப்பு.

மழைக்கு இது மருந்து இல்ல, அதையும் சொல்லிடுறேன், பின்னாடி ஏமாந்து போகக்கூடாது. டிஷ்க்கு வர்ற சிக்னல் கேயூ பேண்ட்னு ரொம்ப சின்ன அலை, பெரிய மழைத்துளி அத குடிச்சிடும், பனிமூட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது, கொட்டுற மழைக்குதான் போயிடும். டிவில படம் போனா ரெக்கார்டிங்கும் சேந்து போகும். ஆனா நாடகத்த மறுநாள் திரும்ப போடுறாங்க இல்ல, அந்த மறு ஒளிபரப்பையும் சேத்து ரெக்கார்ட் போட்டுட்டா ரெண்டுல ஒண்ணாவது மாட்டும். டவுன்ல பியோ டிவி வச்சிருக்கவங்களுக்கு போன் லைன்ல வர்றதால இந்த மழை தொல்ல இல்ல, ஆனா அந்த லைன் நம்ம மலைக்கு ஏறல.

கரண்ட் பத்தி உனக்கு புதுசா சொல்ல வேணாம். 2022ல 13 மணி நேரம் வெட்டுன காலம் போயிடுச்சு, ஆனாலும் காத்து அடிச்சா மரம் விழுந்து போகும், வரும், திரும்ப போகும். ஹார்ட் டிஸ்க் எழுதிக்கிட்டு இருக்கும்போது அப்படி போனா ரெக்கார்டிங்கும் கெடும், சமயத்துல டிஸ்கே கெட்டுப் போகும். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட விடுற ஒரு சின்ன யூபிஎஸ் வேணும், அத இங்கயே வாங்குறது நல்லது, பாரம் தூக்கிட்டு வராத. ஏப்ரல்லயும் ஐப்பசிலயும் இடி மின்னல் வரும்போது யூபிஎஸ்ஸும் காப்பாத்தாது, பிளக்கையும் டிஷ் கேபிளையும் சேத்து கழட்டணும், நெறைய பேரு பிளக்க மட்டும் கழட்டிட்டு கேபிள மறந்துடுறாங்க, கீழ் லயத்துல ஒரு டிவி அப்படித்தான் போச்சு.

அக்கா கல்யாண கேசட்டும் நீ சடங்குக்கு ஆடுன கேசட்டும் இருக்கு. ஈரத்துல டேப் மேல வெள்ளையா பூஞ்சை புடிச்சிருக்கு, அத அப்படியே டெக்ல போட்டா ஹெட்லயும் ஒட்டி மத்த கேசட்டுக்கும் பரவும், அதனால நான் எதையும் ஓட்டாம பிஸ்கட் டின்ல சிலிக்கா பாக்கெட் போட்டு மூடி வச்சிருக்கேன். கண்டில இத சுத்தம் பண்ணி கம்ப்யூட்டருக்கு மாத்தி தர்ற ஸ்டூடியோ இருக்காம், விலை கேட்டு சொல்றேன். இத டிஷ் பொட்டியில ஏத்த முடியாது, அதுல ரெக்கார்ட் பண்றது அந்த பொட்டிக்கு மட்டும்தான் தொறக்கும், பொட்டி செத்தா உள்ள இருக்குறதும் போச்சு. நாடகம் போனா போகட்டும், கல்யாணம் போகக்கூடாது. அதுக்கு தனியா ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வேணும், அத நீ அங்க இருந்து கொண்டு வா, அங்க விலை கொறைவுன்னு சின்னவன் சொல்றான். ஒண்ணு இல்ல, ரெண்டு, ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும்.

ஹோம் தியேட்டர இன்னும் வாங்கலன்னா வாங்காத. வாங்கிட்டன்னா பொட்டிய ஒடைக்காம பில்ல பத்திரமா வச்சு கடைக்காரன்கிட்ட மாத்தி கேளு, மாத்த மாட்டேன்னா சப்வூஃபர மட்டும் அங்க யாருக்காவது வித்துட்டு மத்தத கொண்டு வா. தீவாளிக்கு லீவு கெடைக்குமான்னு அம்மா கேக்க சொல்லிச்சு, சட்டை அளவு மாறியிருந்தா அதையும் எழுது.

அப்பா